பெட்டியைக் குறை சொல்லும் முன் ஒயரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்: வீட்டு இன்டர்காம்

இன்டர்காம் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பலவும் "பேசாமல் புதுசு வாங்கிவிடலாமா?" என்றுதான் முடிகின்றன. அவசரப்படாதீர்கள். இன்டர்காம் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். கெட்டுவிட்டது என்று கழற்றி வைத்த செட்டை வேறு ஒயரில் மாட்டினால் நன்றாகப் பேசுவதை அடிக்கடி பார்க்கிறேன். கோளாறு பெரும்பாலும் ஒயர் இணைப்பிலோ அடாப்டரிலோதான் இருக்கும். அதனால் சோதிக்கும் முறையையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் இன்டர்காம் வைத்திருக்கிறோம். ரிசீவரை எடுத்ததுமே "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். பேச்சு கேட்கிறது, ஆனால் இரைச்சல் விடுவதே இல்லை. எங்கிருந்து வருகிறது?

பதில்: ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக வருகிறது என்றால், மின்சாரத்தின் அதிர்வு உங்கள் பேச்சு ஒயருக்குள் புகுந்திருக்கிறது. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, சில நாடுகளில் 60 சுற்று அதிரும். காதில் விழுவது அதுவோ அதன் இரட்டிப்போதான். அது உள்ளே வருவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி அடாப்டர். ஏசியை டிசியாக மாற்றிய பிறகு மிச்சமிருக்கும் அலையைச் சமன் செய்ய அதற்குள் ஒரு கெபாசிட்டர் இருக்கும். ஆண்டுக்கணக்கில் சூட்டிலேயே இருந்தால் அது உள்ளுக்குள் காய்ந்துபோகும். அப்புறம் அலை அப்படியே செட்டுக்குள் போகும். இரண்டாவது வழி, இன்டர்காம் ஒயரும் மின்சார ஒயரும் ஒரே பைப்பில் ஒட்டி ஓடுவது.

எது என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. அடாப்டரைக் கழற்றிவிட்டு, அதன் லேபிளில் எத்தனை வோல்ட் டிசி என்று போட்டிருக்கிறதோ அதே வோல்ட் பேட்டரியில் செட்டை ஓட்டிப் பாருங்கள். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. லேபிளில் வெளியீடு ஏசி என்று இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். பேட்டரியில் இரைச்சல் நின்றுவிட்டால் அடாப்டரை மாற்றினால் போதும். வோல்ட்டும் பின்னின் பிளஸ், மைனஸும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, குறையத்தான் கூடாது.

பேட்டரியிலும் இரைச்சல் வந்தால் ஒயரைத்தான் பார்க்க வேண்டும். மின்சார ஒயரோடு ஒரே பைப்பில் போகிறதென்றால் வெளியே எடுத்துத் தனிப் பாதையில் விடுங்கள். இரைச்சலுக்காக மட்டும் சொல்லவில்லை. மின்சார ஒயரின் உறை எங்காவது உரிந்தால், கையில் பிடிக்கும் ரிசீவருக்கே மின்சாரம் வந்துவிடும். இணையாகப் போயே ஆக வேண்டும் என்றால் ஓர் அடி இடைவெளியாவது விடுங்கள். குறுக்கே கடக்கும் இடத்தில் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும். ஒன்றோடு ஒன்று முறுக்கிய ஜோடி ஒயரைப் போடுவது இன்னும் நல்லது. இரண்டு இழையிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறுவதால் அது ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்ளும். உலோக உறை போட்ட கேபிள் என்றால் அந்த உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரண்டு முனையிலும் செய்தால் அதுவே ஒரு வளையமாகி இரைச்சலைக் கூட்டிவிடும்.

கேள்வி: வாசலில் இருப்பவர் பேசுவது எங்களுக்குக் கேட்பதில்லை. நாங்கள் பேசுவது அவருக்கு நன்றாகக் கேட்கிறது. மணியும் அடிக்கிறது.

பதில்: நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள். மணி அடிக்கிறது, உங்கள் குரல் போகிறது என்றால் மின்சாரம் சரி, வாசலில் இருக்கும் ஸ்பீக்கர் சரி. மிச்சம் இருப்பது வாசல் பெட்டியின் மைக், அதன் இணைப்பு, அல்லது பேச்சுக்கென்று தனி ஒயர் போகும் செட்டாக இருந்தால் அந்த ஒயர்.

முதலில் மைக் துளையைப் பாருங்கள். பெட்டியின் அடிப்பகுதியில் குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். குளவி மண் வைத்து அடைத்திருக்கும், சிலந்தி கூடு கட்டியிருக்கும், சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது தூரிகை பட்டு மூடியிருக்கும். ஊசியை உள்ளே விட்டுக் குத்தாதீர்கள். துளைக்கு நேர் பின்னால் மைக்கின் மெல்லிய சவ்வு இருக்கிறது. பெட்டியைத் திறந்து, மைக்கை அதன் ரப்பர் உறையிலிருந்து நகர்த்திவிட்டு, முன்பக்கத் தகட்டை மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

அப்படியே பின்பக்கம் ஒயர் வந்து சேரும் ஸ்க்ரூக்களையும் பாருங்கள். மழைத் தண்ணீர் ஒயர் வழியாகவே வழிந்து உள்ளே வந்துவிடும். செம்பு இழையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். ஒயர் ஸ்க்ரூவில் இறுக்கமாக நிற்பதுபோலத்தான் தெரியும், ஆனால் களிம்பு நடுவில் இருப்பதால் தொடர்பு இருக்காது. ஸ்க்ரூவை மேலும் முறுக்கிப் பயனில்லை. களிம்பு ஏறிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பளிச்சென்று செம்பு தெரியும் வரை உறையை உரித்து மறுபடி மாட்டுங்கள். மூடும் முன், பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த வளைவிலிருந்தே சொட்டிவிடும்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் வாசல் பெட்டியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, இரண்டு மீட்டர் புது ஒயரில் உள் செட்டோடு இணைத்துப் பேசிப் பாருங்கள். பேசினால் சுவருக்குள் போகும் ஒயரில்தான் கோளாறு. பேசாவிட்டால் மைக்கையோ பெட்டியையோ மாற்ற வேண்டும். சுவரை உடைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள்.

கேள்வி: வீடியோ டோர் போனில் கதவு திறக்கும் பொத்தானை அழுத்தினால் பூட்டு "டக்" என்று லேசாக ஆடுகிறது, திறப்பதில்லை. திரையும் அணைந்து மறுபடி எரிகிறது. வோல்ட் பார்த்தோம், சரியாக 12 காட்டுகிறது.

பதில்: பொத்தானை அழுத்தாமல் பார்த்திருப்பீர்கள். சும்மா இருக்கும்போது 12 காட்டத்தான் செய்யும். மல்டிமீட்டரைப் பூட்டின் இரண்டு முனையிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். அந்த நொடியில் எத்தனை காட்டுகிறது என்பதுதான் கணக்கு.

கேட் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 60 மீட்டர் ஒயர். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு அந்த நீளத்தில் சுமார் 2 ஓம் தடை. பூட்டு 1 ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். நெட்வொர்க் கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய இழை ஒன்றில் விட்டிருந்தால் சுமார் 5 வோல்ட் போய்விடும். மிஞ்சும் 7 வோல்ட்டில் பூட்டு எப்படித் திறக்கும்? செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

தடித்த ஒயர் போடுவது ஒரு வழி. அதைவிட நான் விரும்புவது, பூட்டுக்கு என்று தனி அடாப்டரைக் கேட்டுக்கு அருகில், நனையாத இடத்தில் வைத்துவிடுவது. டோர் போனுக்குள் பூட்டை இயக்கும் ரிலே வெறும் சுவிட்சாக மட்டும் வேலை செய்யட்டும். திரை அணைவதும் நின்றுவிடும். டிசி பூட்டு என்றால் அதன் முனைகளில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றைத் திருப்பி மாட்டச் சொல்லுங்கள். பூட்டின் சுருள் அணையும்போது கிளம்பும் மின் உதைப்பு ரிலேயைக் கெடுக்காது.

இதோடு இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தப் பூட்டு மின்சாரம் போனால் திறந்துகொள்ளும். கதவு நிலையில் பொருத்தி, பூட்டின் நாக்கைப் பிடித்து வைக்கும் எலக்ட்ரிக் ஸ்ட்ரைக் வகை பெரும்பாலும் பூட்டியே நிற்கும். எதுவாக இருந்தாலும், உள்ளிருந்து கையால் திறக்க ஒரு வழி கட்டாயம் வேண்டும்.

கேள்வி: இரண்டு செட்டையும் இயக்கினால் "கீ" என்று காதைக் கிழிக்கும் சத்தம்.

பதில்: ஒரு செட்டின் ஸ்பீக்கர் சத்தம் இன்னொன்றின் மைக்கில் ஏறி, பெருக்கப்பட்டு, மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. ஒலியளவைக் குறையுங்கள், செட்டுகளை விலக்கி வையுங்கள், நடுவில் கதவு இருந்தால் மூடுங்கள். பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு அழுத்திப் பேசும் வகைதான் சரி. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசும் என்பதால் இந்தச் சத்தம் எழவே வழியில்லை.

கேள்வி: பக்கவாதம் வந்து அப்பா படுக்கையில் இருக்கிறார். வலது கை வராது. இன்டர்காமின் பொத்தான் சின்னதாக இருப்பதால் அவரால் அழுத்த முடியவில்லை. கூப்பிட முடியாமல் தவிக்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டில் இன்டர்காம் யாருக்கு மிகவும் தேவை என்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன். செட் அவருக்கு ஏற்றபடி மாற வேண்டும், அவர் செட்டுக்காகச் சிரமப்படக் கூடாது.

அவர் கூப்பிடுவதற்கு: ஒயர் செட் என்றால் அழைப்புப் பொத்தானின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒயர் இழுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெரிய அழுத்து சுவிட்சை மாட்டலாம். எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவருக்குச் சின்ன வேலை. பேட்டரியிலோ அடாப்டரிலோ ஓடும் குறைந்த வோல்ட் செட்டில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். சுவிட்சை அவருடைய இடது கை தானாக வந்து படியும் இடத்தில் வையுங்கள். நீங்களே இடம் முடிவு செய்யாமல், அவர் கையை வைத்துப் பார்க்கச் சொல்லி, அவர் தலையசைத்த இடத்தில் பொருத்துங்கள்.

நீங்கள் அவரைக் கூப்பிடும்போது: தானாக எடுக்கும் வசதி பல செட்டுகளில் உண்டு. ஒரு பீப் ஒலித்து லைன் திறந்துவிடும், அவர் எதையும் தொடாமல் படுத்தபடியே பேசலாம். குரல் கேட்டால் தானே இயங்கும் வகையும் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மெல்லிய முனகல் அதை எழுப்பாது.

மின்சாரம் போனாலும் அந்த செட் பேச வேண்டும், அதனால் அடாப்டருக்குச் சின்ன யுபிஎஸ் அவசியம். வைஃபையை மட்டும் நம்பி இருக்கும் செட்டை இந்த அறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தினமும் காலையில் ஒருமுறை அந்த சுவிட்சை அவரையே அழுத்தச் சொல்லிப் பாருங்கள். லைன் எப்போது திறந்திருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். படுக்கையில் இருந்தாலும் அது அவருடைய அறை.

கேள்வி: பிளக்கில் சொருகினால் போதும், ஒயரே வேண்டாம் என்று ஓர் இன்டர்காம் வாங்கினோம். ஓர் அறையில் கேட்கிறது, இன்னோர் அறையில் கேட்பதே இல்லை. சில நேரம் வேறு யாரோ பேசுவது கேட்கிறது!

பதில்: அது உங்கள் மின்சார ஒயரையே பாதையாக எடுத்துக்கொள்ளும் வகை. வீட்டில் மூன்று பேஸ் இருந்து, இரண்டு அறைகளும் வேறு வேறு பேஸில் இருந்தால் பேச்சு எட்டாமல் போகலாம். இரண்டையும் ஒரே பேஸுக்குக் கொண்டுவர வேண்டும், எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். ஒரு செட் யுபிஎஸ் வழியாகவும் மற்றது நேரடியாகவும் ஓடினாலும் இதே கதைதான். சார்ஜர்களும் சில எல்இடி விளக்குகளும் இரைச்சலைக் கிளப்பும், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

அந்த வேற்றுக் குரலை அலட்சியப்படுத்தாதீர்கள். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் அக்கம்பக்கத்து வீட்டில் இதே வகை செட் இருந்தால், அவர்கள் பேச்சு உங்களுக்குக் கேட்பதுபோல உங்கள் பேச்சும் அவர்களுக்குக் கேட்கும். உடனே சேனலை மாற்றுங்கள். குழந்தை அறையிலோ படுக்கையறையிலோ இந்த வகையைத் திறந்தே வைக்காதீர்கள்.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். இன்டர்காம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். இப்போது என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: பூச்சு வேலைக்கு முன்பே இன்டர்காமுக்கு என்று தனி பைப் பதித்துவிடுங்கள். கேட்டிலிருந்து ஒன்று, ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று. உள்ளே இழுப்புக் கம்பியும் இருக்கட்டும். சுவர் மூடும் முன் பைப் போகும் பாதையை மொபைலில் படம் எடுத்து வையுங்கள், அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடி எடுத்தால் பிற்பாடு ஆணி அடிக்கும்போது உதவும். கேபிள் போட்டால் தேவைக்கு மேல் இரண்டு இழையாவது கூடுதலாக விடுங்கள். ஒயர் நிறங்களுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான முறை கிடையாது. அதனால் எந்த நிறம் எதற்கு என்று எழுதி, உள் செட்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள்.