38 வயதில் பேஸ் கிட்டார் கற்க, முதலில் சாதாரண கிட்டார் தெரிந்திருக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவருக்கு வயது 38. இசை எதுவும் கற்றதில்லை. பேஸ் வாங்கப் போன கடையில், "முதல்ல ஒரு வருஷம் சாதா கிட்டார் படிச்சிட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அது சரியா, எவ்வளவு நாளில் ஒரு பாட்டுக்கு வாசிக்கலாம் என்று கேட்கிறார்.

சரியில்லை. நான் 41 வயதில் நேராக பேஸில்தான் தொடங்கினேன். இப்போது 45. மதுரையில் எங்கள் சபைக் கொயரில் ஞாயிறுதோறும் வாசிக்கிறேன். அதற்கு முன் நான் தொட்ட ஒரே வாத்தியம் பள்ளி பேண்டில் இரண்டு மாதம் அடித்த சைடு டிரம். குடியரசு தின அணிவகுப்பில் குச்சியைத் தவறவிட்டதோடு அதுவும் முடிந்தது.

கடைக்காரர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பால் மக்கார்ட்னியே கிட்டாரிலிருந்து பேஸுக்கு வந்தவர்தான். ஆனால் உருவத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பேஸில் தடித்ததிலிருந்து மெல்லியது வரை உள்ள ஈ, ஏ, டி, ஜி என்ற நான்கு கம்பிகளும், நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸில் உள்ள அதே நான்கு கம்பிகள். அந்த ஆளுயரப் பெட்டியின் வேலையைத்தான் அமெரிக்க கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் 'பிரிசிஷன் பேஸ்' என்று தோளில் மாட்டும் பலகைக்குக் கொண்டுவந்தார். ஃப்ரெட் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இருப்பதால் சுருதி பிசகாது என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். கார்ட் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடித்து ஒரு வருடம் பழகினால் கிட்டார் வரும். பேஸில் கார்ட் பிடிக்கும் வேலை அநேகமாகக் கிடையாது, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான்.

கையும் வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும். பேஸ் கம்பியின் நீளம் வழக்கமாக 34 அங்குலம், எலெக்ட்ரிக் கிட்டாரில் 25.5. முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை பேஸில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் வரும், கிட்டாரில் 10க்கும் குறைவு. எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் கிட்டார்க்காரர். ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று முதல் ஃப்ரெட்டிலேயே நான்கு விரலையும் விரிக்க வைத்தார். மூன்றாவது வாரம் பைக்கில் கிளட்ச் பிடிக்க முடியவில்லை. டபுள் பேஸ்காரர்கள் அந்தப் பகுதியில் ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும்தான் கணக்கில் வைப்பார்கள், மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாகச் சேர்ந்து அழுத்தும். அதற்கு மாறியதும் பத்து நாளில் வலி போனது. ஐந்தாவது ஃப்ரெட்டைத் தாண்டினால் நான்கு விரலையும் தாராளமாகப் பிரிக்கலாம். இன்னொன்று, ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டிப் பின்னால் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 'கிர்ர்' என்று கேட்கும்.

வலது கையைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். இரண்டு விரலால் மாற்றி மாற்றி மீட்டுவதுதான் வழக்கம், அதையே பழகுங்கள். ஆனால் டெட்ராய்ட்டில் மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே அத்தனையும் வாசித்தார். இத்தனைக்கும் கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம்.

எனக்கு உண்மையில் தடையாக இருந்தது காது. நாற்பது வருடம் பாட்டு கேட்டிருக்கிறேன், பேஸைக் கேட்டதே இல்லை. இளையராஜா பாட்டென்றால் வயலின் வரும், புல்லாங்குழல் வரும், பாட்டோடு முணுமுணுப்பேன். அடியில் அவர் குழுவில் வாசித்த சசிதரனின் பேஸ் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போவது தெரியவே தெரியாது. பாதிக் குற்றம் போனுடையது. பேஸின் ஈ கம்பியை வெறுமனே மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். போனின் குட்டி ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. நீங்கள் கேட்பது மேலே வரும் துணை அதிர்வுகளை மட்டும்தான், மீதியை மூளை ஊகித்துக்கொள்கிறது. ஆகவே பேஸ் வாங்கும் முன்பே ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள். பழக்கமான ஒரு பாட்டைப் போட்டு, பாடகரை விட்டுவிட்டு அடியில் போகும் வரியை மட்டும் வாயால் 'டும் டுடும்' என்று பாடிப் பாருங்கள். ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். வாயில் வராத வரி கையில் வராது என்பது என் அனுபவம். பள்ளிக்கூடப் பையன்களைவிட நமக்கு வசதி இங்கேதான். நம் தலைக்குள் ஆயிரம் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம்.

அடுத்தது ஒலியை நிறுத்துவது. யாரும் இதை முதலில் சொல்லித் தருவதில்லை, நான் ஏழு மாதம் தெரியாமலே ஓட்டினேன். முதல்முறை என் வாசிப்பைப் பதிவு செய்து கேட்டபோது அடியில் ஒரே புகைமூட்டம். ஒவ்வொரு ஸ்வரமும் சரிதான். ஆனால் முந்தைய கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததை மீட்டியிருக்கிறேன். கிட்டாரில் அது அழகாகக்கூட இருக்கும், தாழ்ந்த ஸ்வரங்கள் இரண்டு சேர்ந்தால் சேறுதான். ஏ கம்பியை மீட்டும்போது வலது கட்டைவிரல் ஈ கம்பி மேல் படுத்திருக்க வேண்டும். டி கம்பிக்குப் போனால், மீட்டிய விரல் அப்படியே ஏ கம்பியில் போய்ச் சாய்ந்து அதை அடக்கும். மீட்டாத மெல்லிய கம்பிகளை இடது கை விரல்களின் அடிப்பாகம் தொட்டும் தொடாமலும் மூடிக்கொள்ளும். ஸ்வரத்தை முடிக்க வேண்டுமானால் இடது விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விடுங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒலி, அடுத்த தட்டுக்கு மௌனம் என்று ஒரே ஸ்வரத்தைப் பத்து நிமிடம். சலிப்பாகத்தான் இருக்கும். 60 என்பது வேகத்தைவிடக் கஷ்டம், இரண்டு தட்டுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் எல்லாத் தப்பும் தெரியும்.

பலகையில் எங்கே என்ன இருக்கிறது என்பது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் உள்ள தூரம் ஒரே மாதிரி: இதை ச என்று வைத்தால் அடுத்தது சுத்த மத்யமம். அங்கிருந்து இரண்டு ஃப்ரெட் தள்ளினால் பஞ்சமம். இரண்டு கம்பி தாண்டி இரண்டு ஃப்ரெட் தள்ளினால் மேல் ச. சாதாரண கிட்டாரில் ஓரிடத்தில் இந்தக் கணக்கு உடையும், பேஸில் உடையாது. ச-ப-ச் என்ற அந்த ஒரே வடிவம் கைக்கு வந்துவிட்டால் பாதிப் பாட்டுக்கு ஒப்பேற்றலாம்.

இதன் அருமை எனக்கு ஓர் ஆராதனை நடுவில் புரிந்தது. கீபோர்டு வாசிக்கும் தம்பி கல்லூரியில் படிக்கிறவன். "என்ன ஸ்கேல்ப்பா?" என்று கேட்டேன். "சி தான் அங்கிள்" என்றான். சி என்றால் ஒரு கட்டை, அதை நம்பி முதல் ஸ்வரத்தை அழுத்தி மீட்டினேன். முன்வரிசையில் ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார். பாடுகிறவர்களுக்காக அவன் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு முறை தட்டியிருக்கிறான். அவன் விரல் சியில் இருக்கிறது, சத்தம் டியில், அதாவது இரண்டு கட்டையில் வருகிறது. எனக்கு ஏது பட்டன்? கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முதல் சரணம் முழுக்கச் சும்மா நின்றேன். அப்புறம் ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் இருந்த கையை ஐந்தாவதுக்கு நகர்த்தினேன், மற்ற ஸ்வரங்கள் தாமாகக் கூடவே வந்தன. வெறுங்கம்பிகளை (எங்கும் அழுத்தாமல் மீட்டுவது) நம்பிப் பழகியிருந்தால் அன்று முழுக்கவும் நின்றிருப்பேன். அதனால் ஒரு பாட்டை வெறுங்கம்பி இல்லாமலும் ஒருமுறை பழகி வையுங்கள். இப்போதெல்லாம் நான் ஸ்கேல் கேட்பதில்லை, "பட்டன் எங்கே இருக்கு?" என்றுதான் கேட்கிறேன்.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக: யமஹா, ஐபனீஸ், ஸ்குயர் எதுவானாலும் நான்கு கம்பி உள்ள தொடக்கநிலை பேஸ் போதும், ஐந்து கம்பி இப்போது வேண்டாம். கை சிறியதென்றால் கம்பி நீளம் 30 அங்குலம் உள்ள ஷார்ட் ஸ்கேல் பேஸ் கேட்டுப் பாருங்கள். எடை நான்கு கிலோவை ஒட்டி வரும், அதனால் அகலமான தோள்பட்டை வார். கடையிலிருந்து வரும்போது கம்பிகள் பலகையிலிருந்து உயர்ந்து நிற்கலாம். என்னுடையது அப்படித்தான் இருந்தது, என் விரலில் பலமில்லை என்று இரண்டு மாதம் என்னையே திட்டிக்கொண்டேன். பழுது பார்ப்பவர் அரை மணி நேரத்தில் இறக்கிக் கொடுத்தார். சுருதி சேர்க்க மாட்டும் கிளிப் டியூனர் ஈ கம்பியைப் பிடிக்கத் தடுமாறினால், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும், உடனே பிடித்துக்கொள்ளும்.

எவ்வளவு நாள்? தினம் 20 நிமிடம் என்ற கணக்கில், நான்கு ஸ்வரம் உள்ள ஒரு கீர்த்தனையை நிற்காமல் வாசிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. கூட டிரம்ஸ் அடித்தபோது அதே கீர்த்தனை சிதறிப்போய், சேர்த்துக் கட்ட இன்னும் இரண்டு மாதம். முடிந்தால் சீக்கிரமே யாரோடாவது சேர்ந்து வாசியுங்கள். டிரம்ஸ்காரரின் வலது காலைப் பார்த்துக்கொண்டு அவர் பெடலை மிதிக்கும்போது நீங்களும் மீட்டினால் போதும், மற்றது பிறகு வரும்.

ஆம்ப் (ஒலிபெருக்கி) அவசரமில்லை. வீட்டில் எனக்கு இன்னும் சொந்தமாக ஆம்ப் கிடையாது. அந்தத் தாழ்ந்த ஒலி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும், ஒருமுறை ஆம்பில் வாசித்தபோது மேல்வீட்டுக்காரர் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டு இறங்கி வந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிள்ளைகள் தூங்கியபின் பத்தரை மணிக்குத்தான் என் 20 நிமிடம்.