கந்தகத் தூள் நீரில் நனைய மறுப்பது ஏன்?

கேள்வி: நுண்ணிய கந்தகத் தூளை நீரில் கொட்டினால், எவ்வளவு கலக்கினாலும் மேலேயே மிதக்கிறது. செயற்கைச் சோப்பு சேர்க்காமல், தாவரப் பொருளைக் கொண்டே அதை நனைக்க இயலுமா?

பதில்: தாராளமாக இயலும். 25 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று அவ்வளவு இறுகப் பற்றியிருப்பதாலும், கந்தகத்தின் மீது அவற்றுக்கு ஈர்ப்பு மிகக் குறைவு என்பதாலும், துகள்களுக்கு இடையிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டு நீரால் உள்ளே புக முடிவதில்லை. தூளின் மேல் ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். அது பரவாமல், மேனியெங்கும் மஞ்சள் பொடி ஒட்டிய முத்தாக உருண்டு நிற்கும்.

பூந்திக்கொட்டையின் தோலிலும் சீயக்காயிலும் உள்ள சப்போனின் என்னும் சோப்புத் தன்மையுள்ள பொருள் இந்தத் தடையை நீக்குகிறது. அதன் மூலக்கூறின் சர்க்கரைப் பகுதி நீரை நாட, நீரை வெறுக்கும் மறுபகுதி துகளின் மேல் ஒட்டிக்கொள்கிறது. சோயாவிலிருந்து பெறப்படும் லெசித்தினும் இவ்வகையே. கோகோ தூள் எளிதில் கலக்க அதைச் சேர்ப்பதுண்டு.

பலர் தவறுவது கலக்கும் வரிசையில்தான். பூந்திக்கொட்டைத் தோலை ஊறவைத்து வடிகட்டிய கரைசலைச் சிறிதளவே தூளில் விட்டு, கட்டியில்லாத பசையாகக் குழைத்த பின்னரே மீதி நீரைச் சேர்க்க வேண்டும். வேகமாக அடித்தால் நுரை எழும்பி, அந்த நுரையே தூளை மேலே தூக்கிச் சென்றுவிடும். நனைந்த கந்தகம் கரைந்துவிடுவதில்லை. ஆகவே, அடியில் படியாதபடி அவ்வப்போது மெல்லக் கிளறிவிடுங்கள். கரைசல் விரைவில் கெடும். தேவைக்கேற்பப் புதிதாகத் தயாரிப்பதே நல்லது. சப்போனின் மீன்களுக்கு நஞ்சு என்பதால், மிஞ்சியதைக் குளத்திலோ ஓடையிலோ தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்.