சூடேறினால் விழும் முள்: ஆயில் பிரஷர் கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் டீசல் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கிறேன். மாங்காய்ப் பருவம் தொடங்கியதும் பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய ஜீப் வகை வண்டிகளெல்லாம் பாரத்தோடு வெயிலில் இறங்கும். ஆயில் பிரஷர் புகார்கள் குவிவதும் அந்த மாதங்களில்தான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அதைப் பற்றியவை.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தக்காளி வியாபாரி: அண்ணா, என் வண்டி 2007 மாடல், இரண்டரை இலட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஆயில் பிரஷர் முள் 4 கிலோவில் (சதுர சென்டிமீட்டருக்கு) நிற்கிறது. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் மேடு ஏறிச் சுங்கச்சாவடியில் நின்றால் முள் கீழே விழுந்து, சிவப்பு விளக்கு மினுக்குகிறது. முழு என்ஜின் வேலை செய்தாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்துவிடலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு என்ஜினைத் திறக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் அளக்கச் சொல்லுங்கள். டாஷ்போர்டு முள் சென்சார் சொல்வதைத்தான் காட்டுகிறது. சென்சார் கெட்டாலும், எர்த் சரியாகப் பிடிக்காவிட்டாலும் முள் பொய் சொல்லும்.

ஒரு மெக்கானிக்கல் கேஜ் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். தண்ணீர் சூடான பிறகும் ஆயில் சூடாகச் சற்று நேரம் பிடிக்கும், அதனால் நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அளப்பது போதாது. பிறகு என்ஜினை நிறுத்தி, பிளாக்கில் உள்ள ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜை முடுக்குங்கள். மரைக்கு டேப் சுற்றினால் நுனி மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். அறுந்த டேப் துண்டு ஆயில் வழிக்குள் போய்விடக் கூடாது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஓர் அளவு, 2,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 2,000 சுற்றில்) ஓர் அளவு எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் இறுதியானது. அது கைவசம் இல்லையென்றால், 1,000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு. ஒரு கிலோ என்று நாம் சொல்வது ஏறத்தாழ 14 பி.எஸ்.ஐ. சூடான என்ஜின் ஐடிலில் முக்கால் கிலோவும் 2,000-இல் இரண்டு கிலோவும் காட்டினால் அந்த என்ஜினைத் தொட வேண்டாம். சென்சாரை மாற்றி ஓட்டுங்கள். ஐடிலில் அரைக் கிலோவுக்கும் கீழே போனால் குறை உண்மையானது.

குளிரில் நன்றாக நின்று சூட்டில் விழுகிறது என்றால் ஆயில் நீர்த்திருக்கலாம், அல்லது கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். குளிரிலேயே குறைவு என்றால் பம்ப், ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறப்பது), ஸ்ட்ரெய்னர் (ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள வலை) பக்கம் பாருங்கள். உங்களுடையது முதல் வகை என்று தோன்றுகிறது. அதனால் புது ஆயில், நல்ல ஃபில்டர், ரேடியேட்டர் சுத்தம் ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு மறுபடி அளங்கள். மேட்டில் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும் வண்டியில் ஆயில் தண்ணீராக ஓடும். ரேடியேட்டர் அடைப்பை எடுத்ததுமே முள் எழுந்து நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஓசூரிலிருந்து: 15டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதிலாக 20டபிள்யூ-50 ஊற்றி, கூடவே கெட்டிப்படுத்தும் திரவம் ஒரு டப்பா சேர்த்தால் முள் ஏறிவிடும் என்கிறார்களே?

பதில்: முள் ஏறும். ஆனால் நோய் அப்படியே இருக்கும். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது, இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியசில் அதன் கெட்டியைக் காட்டுகிறது. உங்கள் வண்டிக் கையேட்டிலேயே நம் ஊர் வெப்பத்துக்கு 20டபிள்யூ-50 அனுமதித்திருந்தால் தாராளமாக ஊற்றுங்கள். அனுமதிக்காத என்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றினால், மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே உள்ள கேம் ஷாஃப்ட்டை எட்டத் தாமதமாகும். அந்தச் சில விநாடிகளில் உலோகம் உலோகத்தைத் தின்னும். கெட்டிப்படுத்தும் திரவத்தை வண்டி விற்க நினைப்பவர்கள்தான் அதிகம் ஊற்றுகிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சூடான என்ஜினில் பிரஷர் அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அஞ்செட்டியிலிருந்து: மலைப்பாதைச் சரிவில் மட்டும் விளக்கு எரிகிறது. சமதரையில் அணைந்துவிடுகிறது.

பதில்: ஆயில் அளவு குறைந்திருக்கும். சரிவில் இருக்கிற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்க, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கிறது. சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அளவுக்கம்பியைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் வண்டிக்கு அடியில் குனிந்து, என்ஜினின் கீழே ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சேம்பரைப் பாருங்கள். கல்லில் அடிபட்டு உள்ளே குழிந்த சேம்பர், ஸ்ட்ரெய்னரின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். காட்டுப் பாதையில் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது.

அரூரிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, எங்கள் வண்டியில் ஆயில் குறைவதே இல்லை, இரண்டு மாதமாகக் கொஞ்சம் ஏறியே இருக்கிறது. ஆனால் பிரஷர் குறைகிறது. இது எப்படி?

பதில்: அம்மா, வண்டியை இன்றே நிறுத்துங்கள். ஆயில் தானாக ஏறாது. டீசலோ தண்ணீரோ கலக்கிறது. கம்பியில் உள்ள ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் ஒழுகலாம், அல்லது டீசல் பம்பின் சீல் போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர். ஹெட் கேஸ்கெட்டையும் ஆயில் கூலரையும் சோதிக்க வேண்டும். ஆயிலை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் மறுபடி இதே நிலைதான். ஒழுகலை அடைத்த பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். நீர்த்த ஆயிலில் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் பேரிங்கைத் தேய்க்கிறது.

ஊத்தங்கரையிலிருந்து: ஆயில் ஒழுகியதால் சேம்பர் பேக்கிங் மாற்றினோம். ஒரு மாதத்தில் பிரஷர் குறைந்துவிட்டது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. சென்ற ஆண்டு இதே கதையோடு ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது. வேகத்தில் பிரஷர் இறங்கும், முள் நடுங்கும். சேம்பரை இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கையில் எடுத்தேன். கம்பி வலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் புழுப்புழுவாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளினால் ரப்பர் மாதிரி இழுபட்டது. எல்லாம் சிலிக்கான் பசை. சேம்பர் விளிம்பில் விரல் தடிமனுக்குப் பிதுக்கியிருக்கிறார்கள். உள்பக்கம் வழிந்தது காய்ந்து, அறுந்து, ஆயிலோடு போய் வலையில் சேர்ந்துவிட்டது. வலையைச் சுத்தம் செய்து, உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் கோடாகப் பசை வைத்து மூடினேன். வேறு எந்தப் பாகமும் மாற்றவில்லை. உங்களுடையதையும் அப்படியே திறந்து பாருங்கள்.

காரிமங்கலத்திலிருந்து: புது ஆயில் பம்ப் போட்டும் ஐடில் பிரஷர் ஏறவில்லை. ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்தால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். ரிலீஃப் வால்வு அதிக அழுத்தத்தில் திறந்து, மிஞ்சிய ஆயிலைத் திருப்பிவிடுவதற்காக இருக்கிறது. ஐடிலில் அது மூடித்தான் இருக்கும். மூடிய வால்வை இன்னும் இறுக்குவதால் ஐடிலில் ஒன்றும் கூடாது. குளிர்ந்த என்ஜினில் அழுத்தம் எகிறி ஃபில்டர் சீல் பிய்த்துக்கொள்ளும் ஆபத்துதான் மிச்சம். வால்வு பிஸ்டன் அழுக்கில் திறந்தபடி சிக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டீசலில் கழுவினால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும்.

அதுவும் சரியென்றால் மிச்சம் இருப்பது பேரிங். பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்யும். அது வெளியேறும் இடைவெளி குறுகலாக இருந்தால்தான் அழுத்தம் நிற்கும். வாய் அகன்ற குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமா? சேம்பர் ஏற்கெனவே இறங்கியிருப்பதால் ஒரு பிக் எண்ட் கேப்பையும் (கனெக்டிங் ராடு பேரிங்கின் மூடி) ஒரு மெயின் கேப்பையும் (கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மூடி) கழற்றிப் பாருங்கள். நல்ல பேரிங் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். கிராங்கில் கீறல் இல்லாமல், மைக்ரோமீட்டர் அளவும் சரியாக இருந்தால் அதே சைஸ் பேரிங் போதும். தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கிரைண்டிங் செய்து 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் (கிரைண்டிங்கில் மெலிந்த கிராங்க்குக்குப் பொருந்துவது) போட வேண்டும். அளக்காமல் அண்டர்சைஸ் வாங்கி வராதீர்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: ஓடும்போது விளக்கு எரிந்து, கடகடவென்று சத்தமும் வந்தது. வீடு எட்டு கிலோமீட்டர். மெதுவாக ஓட்டிப் போய்விடலாமா?

பதில்: கூடாது. சத்தம் வந்துவிட்டால் எட்டு கிலோமீட்டர் என்பது ஒரு கிராங்க் ஷாஃப்ட்டின் விலை. அந்த இடத்திலேயே நிறுத்திக் கட்டி இழுத்து வாருங்கள். என்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகும் என்பதால் அனுபவமுள்ளவரை உட்கார வையுங்கள். வழியில் இறக்கம் இருந்தால் கயிறு வேண்டாம், மீட்பு வண்டியில் ஏற்றிவிடுங்கள்.