ஐட்லிங்கில் குலுங்கும் ஸ்போர்ட்ஸ் கார்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

பெற்றோல் என்ஜின் வேலையில் காலம் கழித்தவன் என்ற முறையில், ஐட்லிங் (கால் எடுத்த நிலையில் என்ஜின் மெதுவாக ஓடுவது) கோளாறு பற்றி எவரும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பல, முதல் தலைமுறை மஸ்டா எம்.எக்ஸ்-5 காரைப் பற்றியவை.

கிளிநொச்சி: அண்ணை, என்னுடையது 1991ஆம் ஆண்டின் 1.6 லீற்றர் எம்.எக்ஸ்-5. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் சுற்று ஏறி இறங்கி, சில வேளை நின்றுவிடுகிறது. ஏ9 வீதியில் ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. எங்கே தொடங்குவது?

தம்பி, ஓடும்போது குறை இல்லை என்று நீங்கள் சொன்னதே பாதி விடை. இந்த என்ஜினில் உள்ளே போகும் காற்றை, ஒரு சிறு கதவு திறக்கும் அளவைக் கொண்டு காற்றளவுமானி அளக்கிறது. அந்த அளவுக்கு ஏற்பவே கணினி பெற்றோலைத் தெளிக்கிறது. மானியைத் தாண்டிய பிறகு ஏதாவது வெடிப்பு வழியாகக் காற்று நுழைந்தால் அது கணக்கில் வராது, கலவையில் பெற்றோல் குறைந்துவிடும். ஐட்லிங்கில் என்ஜின் உள்ளிழுக்கும் காற்று மிகக் கொஞ்சம் என்பதால் களவாய் நுழையும் காற்றின் பங்கு பெரிதாகிறது. வேகமாக ஓடும்போது அதே ஓட்டை பொருட்டாக இருப்பதில்லை.

ஆகவே முதலில் காற்றளவுமானிக்கும் திரொட்டிலுக்கும் (கால் மிதிக்கு ஏற்பக் காற்றை விடும் தகடு உள்ள பகுதி) இடையிலுள்ள தடித்த றப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பொருத்திய நிலையில் மேலால் பார்த்தால் நல்லதாகத் தெரியும் குழாயின் அடிப்பக்க மடிப்பில் வெடிப்பு இருக்கும். நம் வெயிலில் முப்பது வருட றப்பர் வேறு எப்படி இருக்கும்? அடுத்து மெல்லிய வெற்றிடக் குழாய்களைப் பாருங்கள். வீட்டு முற்றத்தில் நிறுத்தும் காரென்றால் எலியும் அணிலும் கடித்த இடங்களையும் தேடுங்கள். பிறகு என்ஜின் ஓடும்போது ஓயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றுப்பாதை இறுக்கமாக இருந்தால் என்ஜின் உடனே தடுமாறும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் பெரும்பாலும் வேறெங்கோ ஏற்கனவே காற்று நுழைகிறது.

இவற்றை முடிக்கும்வரை ஐட்லிங்கைக் கூட்டிக் குறைக்கும் எந்தத் திருகாணியையும் தொடாதீர்கள்.

வவுனியா: எனதும் அதே கார். சுற்று ஏறி இறங்கவில்லை. ஒரே சீராகக் குலுங்குகிறது. நான்கு பிளக்கும் புதிதாகப் போட்டாயிற்று.

சீரான குலுக்கல் என்றால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்ரர்களின் மின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரில்தான் பிழை. இந்தக் காரில் பிளக்கைவிட முதலில் களைப்பது பிளக் வயர். ஒரு கொயில் (தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) 1ஆம், 4ஆம் சிலிண்டர்களுக்கும் மற்றது 2ஆம், 3ஆம் சிலிண்டர்களுக்கும் தீப்பொறி கொடுப்பதால், அந்தச் சோடிகளில் ஒன்று முழுவதும் செத்திருந்தால் கொயிலைப் பாருங்கள். வயரும் கொயிலும் நல்லதென்றால் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அமுக்கம்) அளக்காமல் மேற்கொண்டு எதையும் வாங்காதீர்கள்.

மாங்குளம்: ஐட்லிங் திருகாணியைச் சற்றுக் கூட்டிவிட்டால் போதாதா?

போதாது. அது நோயை மறைக்கும்.

முல்லைத்தீவு: மழை பெய்த மறுநாள் மட்டும் மிஸ் பண்ணுகிறது, இடையிடையே தீப்பொறி தவறுகிறது.

பிளக் வயர். இருட்டில் பொனற்றைத் திறந்து பாருங்கள், பொறி வெளியே பாய்வது கண்ணுக்கே தெரியும். கை வைக்க வேண்டாம்.

மன்னார்: பெற்றோல் விலை தாங்க முடியவில்லை. அந்த நாளில் வன்னி முழுவதும் மண்ணெண்ணெயில்தானே கார் ஓடியது? என் எம்.எக்ஸ்-5இல் நான் கால்வாசி கலக்கிறேன். குலுக்கலுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா?

நேரடித் தொடர்பு இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் நானும் அந்த என்ஜின்களில்தான் வேலை பழகினேன். சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்கள். அவற்றின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) ஏறக்குறைய 7இலிருந்து 8 வரைதான். உங்கள் காரில் அது 9.4. மண்ணெண்ணெயின் ஒக்டேன் (தானாகத் தீப்பற்றாமல் அமுக்கத்தைத் தாங்கும் திறன்) மிகக் குறைவு என்பதால் இந்த அமுக்கத்தில் அது தானே பற்றி என்ஜின் தட்டும். குளிர்ந்த என்ஜினில் அது ஆவியாகாமல் சுவரில் வழிந்து ஓயிலோடு கலக்கும், பிளக் கறுக்கும், ஒட்சிசன் உணரியில் கரி படிந்து கணினிக்குப் பிழையான செய்தி போகும். தாங்கியைக் காலியாக்கி, ஓயிலையும் மாற்றிவிட்டுப் பிறகு ஐட்லிங்கைப் பற்றிக் கேளுங்கள்.

புதுக்குடியிருப்பு: ஐயா சொல்வதை ஏற்க முடியாது. என் அப்பாவின் ஒஸ்ரின் ஏ40 ஆண்டுக்கணக்கில் மண்ணெண்ணெயில் ஓடியது. என்ஜின் ஒன்றும் பழுதாகவில்லை.

உங்கள் அப்பாவின் கார் ஓடியதை நான் மறுக்கவில்லை. அப்படி ஓடிய கார்கள்தான் நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்குப் போன தாயையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் பழுதாகவில்லை என்பதை ஏற்கமாட்டேன். அந்த என்ஜின்களின் தலையைக் கழற்றிக் கரி சுரண்டியது என் கை. ஓயில் தண்ணீராய் இளகி, பெயாரிங் தேய்ந்து வந்தவற்றையும் பார்த்தேன். அவற்றைத் திரும்பத் திரும்பத் திருத்த முடிந்தது, ஏனென்றால் அவை எளிய என்ஜின்கள், அவற்றை ஓட்டியவர்களும் ஒவ்வொரு சத்தத்தையும் அறிந்திருந்தார்கள். வேறு வழி இல்லாதபோது செய்ததை, பெற்றோல் நிலையம் வாசலில் இருக்கும்போது செய்யக்கூடாது.

மல்லாவி: அப்படியென்றால் பத்தில் ஒரு பங்கு கலந்தால்?

கலக்கக்கூடாது. இதைப் பற்றி இன்னும் ஆறு பேர் கேட்டிருக்கிறார்கள். அனைவருக்கும் இதுவே பதில்.

ஓமந்தை: என் டீசல் பிக்கப்பும் ஐட்லிங்கில் குலுங்குகிறது.

டீசல் பம்ப் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அது என் துறை அல்ல.

பரந்தன்: கராஜில் ஐட்லிங் திருகாணியைக் கூட்டித் தந்தார்கள். இப்போது முன்னையதைவிட மோசம்.

இதற்காகத்தான் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறேன். எம்.எக்ஸ்-5இன் திரொட்டிலில் இரண்டு திருகாணிகள் உண்டு. றப்பர் மூடியின் கீழ் இருப்பது காற்றுத் திருகாணி, அதைத்தான் சரிசெய்யலாம். மற்றது திரொட்டில் தகட்டை நிறுத்தும் திருகாணி. தொழிற்சாலையில் வைத்தது, தொடவே கூடாது. அதைத் திருகினால் தகடு முழுவதும் மூடாது, திரொட்டில் உணரியிலுள்ள ஐட்லிங் சுவிச்சும் மூடாது. கால் எடுத்தாயிற்று என்பதே கணினிக்குத் தெரியாமல் போவதால் அது ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தாது. தகடு மூடும் இடத்துக்கு அந்தத் திருகாணியை மீட்டு, சுவிச் மூடுகிறதா என்று மீற்றரால் பாருங்கள்.

கிளிநொச்சி (முதலில் கேட்டவர்): அண்ணை, நீங்கள் சொன்னபடியே குழாயின் அடியில் விரல் நுழையும் வெடிப்பு. ரேப் சுற்றியிருக்கிறேன், சுற்று ஏறி இறங்குவது நின்றுவிட்டது. ஆனால் இப்போது ஐட்லிங் நிமிடத்துக்கு 700 சுற்றில் நிற்கிறது.

மிக்க மகிழ்ச்சி, தம்பி. ரேப் இந்தச் சூட்டில் சில நாட்களே தாங்கும், குழாயை மாற்றுங்கள். மாற்றிய பிறகு என்ஜினை நன்றாகச் சூடாக்கி, லைற், விசிறி எல்லாவற்றையும் நிறுத்தி, என்ஜின் அறையிலுள்ள பரிசோதனைப் பெட்டியில் டி.ஈ.என். முனையையும் ஜி.என்.டி. முனையையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். தீப்பொறி நேரம், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 பாகை முன்னால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரியாக இருந்தால் றப்பர் மூடியை எடுத்து, காற்றுத் திருகாணியை மெதுவாகத் திருகி 850க்குக் கொண்டுவாருங்கள். வயரைக் கழற்ற மறக்காதீர்கள்.