வாசகர் கேள்வி – பதில்: அடைப்பை எடுத்த பிறகும் அப்பாவுக்கு ஏன் நீர் பிரியவில்லை?

சென்ற இதழில், ஆண்களின் சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் பற்றி எழுதும்போது, "நீர்ப்பையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி எலிகளிடம் கற்றது" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பதினோரு வருடம் எலிகளோடும் முயல்களோடும் கழிந்தது.

கே: அப்பாவுக்கு 71 வயது. ஆறேழு வருடமாகவே நீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். "வயசானா அப்படித்தான்" என்று டாக்டரிடம் வர மாட்டார். நான்கு மாதம் முன்பு முழுக்க அடைத்துக்கொண்டது. ஆபரேஷன் செய்து புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்தார்கள். இப்போதும் டியூபை எடுத்தால் நீர் பிரியவில்லை. ஆபரேஷனைச் சரியாகச் செய்யவில்லையோ என்று வீட்டில் தினமும் சண்டை. – வாசகி, கும்பகோணம்

ப: முதலில் சண்டையை நிறுத்துங்கள், அம்மா. ஆபரேஷனில் குறை உண்டா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஆபரேஷன் நன்றாக நடந்திருந்தாலும் இப்படி ஆகலாம். காரணம் புராஸ்டேட் அல்ல, அதற்கு மேலே இருக்கும் நீர்ப்பை.

எங்கள் லேப்பில் செய்ததைச் சொல்கிறேன். மயக்க மருந்து கொடுத்த எலியின் அடிவயிற்றைத் திறந்து, நீர்ப்பையிலிருந்து கீழே இறங்கும் குழாயைச் சுற்றிப் பட்டு நூலைக் கோப்போம். குழாயை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கம்பியை வைத்து, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவோம். பிறகு கம்பியை உருவிவிடுவோம். முடிச்சு குழாயை நெரிக்காது, ஆனால் தாராளமாக விரியவும் விடாது. உங்கள் அப்பாவுக்கு வருடக்கணக்கில் இருந்ததும் இதே மாதிரி அரை அடைப்புதான்.

எலி சும்மா இருக்காது, முக்கும். மூட்டை தூக்குகிறவரின் புஜம் திரள்வது போல நீர்ப்பையின் தசை திரளும். சாதாரண எலியின் நீர்ப்பை ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடைதான் இருக்கும். அது சில வாரத்தில் பல மடங்காகிவிடும். இந்தக் கட்டத்தில் வெளியே பார்த்தால் பெரிய தொந்தரவு தெரியாது, எப்படியோ நீர் போய்க்கொண்டிருக்கும். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று அப்பா சொன்ன வருடங்கள் இவைதான்.

அடுத்த கட்டத்தை முயல்களை வைத்து அமெரிக்காவில் ராபர்ட் லெவின் குழுவினர் பல வருடம் ஆராய்ந்தார்கள். அழுத்தத்தோடு முக்கும் ஒவ்வொரு தடவையும் நீர்ப்பைச் சுவரில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திரும்புகிறது. இப்படித் தடைப்பட்டுத் தடைப்பட்டு வருவதில் தசைக்குள் இருக்கும் நரம்பு நுனிகள் சாகின்றன. தசை இருந்த இடத்தில் நார்த்திசு ஏறுகிறது. கடைசியில் அது சுருங்கத் தெரியாத வெறும் பையாகிவிடுகிறது. அந்த நிலைக்கு வந்த எலியின் நீர்ப்பையைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பட்டாணி அளவில் இருக்க வேண்டியது அரைநெல்லிக்காய் அளவுக்கு ஊதி, வெளுத்து, விரலால் தொட்டாலும் அசையாமல் கிடந்தது.

முடிச்சை அவிழ்த்துவிட்டால்? சீக்கிரம் அவிழ்த்தால் பெரும்பாலானவை தேறிவிடும். நாள் போகப் போக, தேறாதவற்றின் எண்ணிக்கை கூடும். நரம்பும் மாறிவிடுகிறது. வில்லியம் ஸ்டியர்ஸ், வில்லியம் டி குரோட் இருவரும் அடைப்புள்ள எலிகளில் நீர்ப்பைக்குப் போகும் நரம்புச் செல்கள் பெருத்திருப்பதையும், தண்டுவடத்தில் சிறுநீர் கழிக்கும் அனிச்சைச் செயலே மாறியிருப்பதையும் கண்டார்கள். நீர்ப்பைத் தசையில் சுரக்கும் நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு அதில் பங்குண்டு என்று ஸ்டியர்ஸ் குழுவினர் 1991-ல் காட்டினார்கள். அடைப்பு நீங்கிய பிறகும் சிலர் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது செய்ய வேண்டியது: டாக்டரிடம் யூரோடைனமிக் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பை சுருங்குகிறதா, எவ்வளவு அழுத்தத்தில் சுருங்குகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீரக ஸ்கேனும் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். நீர்ப்பை ஓய்ந்திருந்தாலும் அப்பா காலமெல்லாம் டியூபும் பையுமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை தானே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி நீரை வடித்துவிட்டு எடுத்துவிடலாம். கையைச் சுத்தமாகக் கழுவினாலே போதும், ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை என்று 1972-ல் மிஷிகன் மருத்துவர் ஜாக் லபிடெஸ் எழுதியபோது பலர் நம்பவில்லை. இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம். நீர்ப்பையை ஊத விடாமல் ஓய்வு கொடுத்தால், சிலருக்கு மாதங்கள் கழித்துச் சுருங்கும் சக்தி ஓரளவு திரும்புகிறது. நான்கு மாதத்தில் நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள்.

கே: எலிக்கும் மனிதனுக்கும் எப்படி ஒத்துப்போகும்? – வாசகர், ஈரோடு

ப: எல்லாவற்றிலும் ஒத்துப்போகாது. எலி நீர் கழிக்கும்போது அதன் வெளிச் சுருக்குத்தசை படபடவென்று திறந்து மூடி, பம்ப் போல நீரைத் தள்ளும். நமக்கு அந்தத் தசை தளர்ந்தால்தான் நீர் வரும். ஆண்களின் நோயை ஆராயவும் நாங்கள் பெரும்பாலும் பெண் எலியைத்தான் எடுப்போம். அதன் குழாய் நேராக இருப்பதால் முடிச்சுப் போடுவது சுலபம். நாய்க்கு நம்மைப் போலவே வயதானால் புராஸ்டேட் தானாக வீங்கும். ஆனால் அது வெளிப்பக்கமாக வளர்ந்து மலக்குடலை அழுத்துவதால், நாய் முக்குவது பெரும்பாலும் மலம் போகத்தான். இந்த வித்தியாசங்களைத் தெரிந்துகொண்டு, எலி எதற்குச் சாட்சி சொல்லும், எதற்குச் சொல்லாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

கே: நான் பார்மஸி படிக்கிறேன். எலிக்கு இப்படி முடிச்சுப் போடுவது பாவமாகப் படுகிறது. கம்ப்யூட்டரிலோ செல்களிலோ செய்ய முடியாதா? – மாணவி, மதுரை

ப: உறுத்துவது நல்லதும்மா. அந்த உறுத்தல் இல்லாதவர்களை நான் விலங்கு அறைக்குள் விட்டதில்லை.

செய்ய முடிந்ததைச் செல்களில் செய்கிறார்கள். ஆபரேஷனில் எடுத்த மனித நீர்ப்பைத் தசைத் துண்டை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு மருந்தைச் சோதிக்கலாம். ஆனால் நீர்ப்பை தனியாக இயங்குவதில்லை. தண்டுவடம் வழியாக மூளைத்தண்டு வரை சேதி போய் வந்தால்தான் இயங்கும் உறுப்பு அது. சிறுநீர் கழிப்பதை இயக்கும் மையம் மூளைத்தண்டில் எங்கே இருக்கிறது என்பதே 1920-களில் லண்டனில் பாரிங்டன் என்பவர் பூனைகளிடம் செய்த சோதனைகளால்தான் தெரிந்தது. இந்தச் சுற்றை ஒரு தட்டில் வளர்த்துவிட முடியாது.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998-ன் விதிகளும் இருக்கின்றன. நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த விதிகள் வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் அப்போது வேலைக்குப் புதிது. ஒரு வெள்ளிக்கிழமை போட்ட முடிச்சுகளில் ஒன்று இறுகிவிட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை, வர வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை காலையில் அந்த எலி கூண்டின் மூலையில் வயிறு உப்பிச் செத்துக்கிடந்தது. நீர்ப்பை வெடித்திருந்தது. அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை நீர் கட்டிக்கொண்டு துடித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை, ஞாயிறும் தீபாவளியும் உட்பட, ஒவ்வொரு எலியின் அடிவயிற்றையும் இரண்டு விரலால் தொட்டுப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. பை கல்லாக இருந்தால் உடனே முடிச்சை அவிழ்ப்போம், கணக்கில் ஓர் எலி குறைந்தாலும் சரி என்று.

கத்தி வைக்காமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் அதற்குப் பிறகுதான் கற்றேன். எலிக்குஞ்சு அளவே இருக்கும் வெள்ளைச் சுண்டெலியின் கீழே வடிதாளை விரித்துச் சில மணி நேரம் விட்டுவிட்டு, தாளைப் புற ஊதா விளக்கில் பிடித்தால் சிறுநீர்க் கறைகள் ஒளிரும். நல்ல எலி ஓரத்தில் ஒன்றிரண்டு பெரிய வட்டமாக விடும். நீர்ப்பை கெட்ட எலியின் தாளில் தெளித்த கோலமாவு மாதிரி புள்ளிகள். எலிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கே: ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் நீர்ப்பை பெரிதாக இருக்கிறது, கீழே அடைப்பு இருக்கலாம் என்கிறார்கள். வயிற்றுக்குள்ளேயே சரிசெய்யலாமா? – வாசகி, சேலம்

ப: பயமாகத்தான் இருக்கும், தாயே. ஆண் சிசுக்களில் சிறுநீர்க் குழாயில் ஒரு சவ்வு மறித்துக்கொள்வது உண்டு. சிசுவின் சிறுநீர்தான் பனிக்குட நீர். அது குறைந்தால் நுரையீரலும் வளராது. சான்பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் கருவிலிருந்த செம்மறிக் குட்டிகளுக்கு அடைப்பு உண்டாக்கி, பிறக்கும் முன்பே சிலவற்றுக்கு அதை நீக்கிப் பார்த்தார். நீக்கியவற்றுக்கு நுரையீரல் வளர்ந்தது. அந்த ஆடுகளைப் பார்த்த தைரியத்தில்தான் 1981-ல் மனிதக் கருவில் ஆபரேஷன் செய்தார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. சிறுநீரகம் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. இன்று சில இடங்களில் சிசுவின் நீர்ப்பையில் சிறு குழாய் வைக்கிறார்கள். பிரிட்டனில் 31 கர்ப்பிணிகளிடம் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், உயிர் பிழைக்க அது உதவக்கூடும் என்று தெரிந்தாலும், சிறுநீரகம் நன்றாக அமைந்த குழந்தைகள் மிகக் குறைவு. உங்களுக்கு பனிக்குட நீர் குறைந்திருக்கிறதா என்பதுதான் இப்போது முக்கியம். இந்த வாரமே கரு மருத்துவ நிபுணரைப் பாருங்கள். நீர் குறையாமல் இருந்தால், பல குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு அந்தச் சவ்வை நீக்கினால் போதும்.

கே: எங்கள் ஆண் பூனை நேற்றிலிருந்து மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, கத்துகிறது. ஒரு சொட்டும் வரவில்லை. மலச்சிக்கலா? – வாசகர், திருச்சி

ப: இல்லை, நீரடைப்பாகத்தான் தெரிகிறது. ஆண் பூனையின் குழாய் மிகக் குறுகல். இப்படியே விட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

பிழைத்து வந்த பிறகு ஒன்று கவனியுங்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் நீர்ப்பை அழற்சி உள்ள பூனைகளை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டார். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒளிந்துகொள்ள ஓர் இடம், ஏறி உட்கார ஒரு பலகை, பழகிய ஆள். இவ்வளவு செய்தபோதே பலவற்றுக்கு நோய் தணிந்தது. உங்கள் பூனைக்கும் ஓர் அட்டைப்பெட்டியும் நிறையத் தண்ணீரும் வையுங்கள்.

இந்த இதழ் அச்சாகி வர ஒன்பது நாள் ஆகும். அதனால் உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே, அதில் இருந்த எண்ணுக்கு ஆசிரியரைப் பேசச் சொல்லிவிட்டேன்.