மருந்து போட்டும் முடி கொட்டுகிறதே?

கேள்வி: வயது 29. உச்சந்தலையில் வழுக்கை. ஆறு வாரமாக மினாக்சிடில் தடவுகிறேன்; மருத்துவர் சொன்னபடி ஃபினாஸ்டரைடு மாத்திரையும் சாப்பிடுகிறேன். முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். மினாக்சிடில் ஓய்வில் இருக்கும் வேர்க்கால்களை மறுபடி வளர்ச்சிக்குத் தள்ளுகிறது. அப்போது பழைய முடி கழன்று விழும். பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை இப்படி இருக்கும். பலர் மருந்தைக் கைவிடுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான்!

ஃபினாஸ்டரைடு (தினம் 1 மி.கி.) வேலை செய்வது வேறு வழியில். முடியைச் சிறுக்கவைக்கும் டிஹெச்டி ஹார்மோனைக் குறைக்கிறது. உதிர்வு மட்டுப்பட மூன்று முதல் ஆறு மாதம், முழுப் பலனை எடைபோட ஒரு வருடம். உச்சந்தலையில் பலன் நன்றாகத் தெரியும். நெற்றி ஓரத்தில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

மினாக்சிடில் 5% கரைசல் என்றால் 1 மி.லி., தினம் இருவேளை, உலர்ந்த மண்டைத் தோலில் படவேண்டும். முடியில் தடவினால் வீண். நான்கு மணி நேரம் தலையை நனைக்காதீர்கள். கண்ணாடியை நம்பாமல், மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

பாலுறவு நாட்டம் குறைந்தாலோ மனச்சோர்வு வந்தாலோ மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்கான) ரத்தப் பரிசோதனை செய்தால் இந்த மாத்திரையைக் குறிப்பிடுங்கள்; அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது.