சாதனை கோவிடம், தங்கம் ஓவெட்டிடம்

கேள்வி: 800 மீட்டரில் உலக சாதனை வைத்திருந்த பிரிட்டன் வீரர் செபாஸ்டியன் கோ, ஒலிம்பிக்கில் அந்த ஓட்டத்தில் ஒருமுறைகூடத் தங்கம் வாங்கவில்லையாமே, ஏன்? நானும் 800 ஓடுகிறேன்.
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: பி.டி. மாஸ்டராக இருந்த காலத்தில், 800 ஓட வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது கோ தோற்ற ஓட்டத்தைத்தான்.

1979-ல் ஆஸ்லோவில் 1:42.33-ல் ஓடி உலக சாதனை படைத்தவர் கோ. மறு ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் இன்னொரு பிரிட்டன் வீரரான ஸ்டீவ் ஓவெட் தங்கம் வென்ற நேரம் வெறும் 1:45.4. கோவின் சாதனையைவிட மூன்று விநாடி மெதுவு! கோவிடம் வேகத்துக்குக் குறைவே இல்லை, நின்ற இடம்தான் தப்பு. முதல் சுற்று முழுக்கக் கடைசியில், வெளிப்பக்கமாகவே ஓடினார். ஓவெட்டைச் சுற்றி ஆட்கள் அடைத்துக்கொண்டார்கள். அவர் தோளால் இடித்து வழி எடுத்துக்கொண்டு முன்னே போனார். சோவியத் வீரர் கிரோவ் வேகமெடுத்ததும் ஓவெட் கூடவே போனார். கோ கிளம்பியபோது நேரமாகிவிட்டது. அரை விநாடியில் வெள்ளி.

அந்த அரை விநாடியைத் தூரமாகப் பாருங்கள்: நான்கு மீட்டருக்கும் குறைவு. ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரே ஒரு வளைவை இரண்டாவது லேனில் ஓடினாலே சுமார் 3.8 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 800-ல் வளைவுகள் நான்கு. கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

1984 லாஸ் ஏஞ்சலஸ் கதை வேறு. முந்தைய வருடம் நோயால் முடங்கியிருந்தவர் கோ. பிரேசிலின் ஜோவாகிம் குரூஸ் அன்று அவரைவிட வலுவாக இருந்தார். மறுபடி வெள்ளி.

ஆனால் இரண்டு ஒலிம்பிக்கிலும் 1500 தங்கம் அவருக்குத்தான். இரண்டு முறை அதை வென்ற ஆண் வேறு யாரும் இல்லை. நடுவில் 1981-ல் ஃபுளோரன்ஸில் 1:41.73 ஓடினார். அதை 1997 வரை யாராலும் எட்ட முடியவில்லை.

உங்கள் அடுத்த போட்டிக்கு முன் மாஸ்கோ 800, 1500 இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஆறே நாள். 1500-ல் கிழக்கு ஜெர்மனியின் ஸ்ட்ராப் முன்னே இழுத்துக்கொண்டு ஓட, கோ அவர் முதுகை விடவே மாட்டார். கடைசி வளைவு வந்ததும் தாண்டிப் போவார். அப்புறம் மைதானத்துக்குப் போய், ஒருவர் முதுகுக்குப் பின்னாலேயே உள்லேனில் 600 மீட்டர் ஓடிப் பழகுங்கள்.